பழைய ஜொகூர் பாருவில் ஒரு நிழற்பட உலா

சில திங்களுக்கு முன் நண்பர் ஒருவர் ஹவானா நகரத்து நிழற்படங்கள் அடங்கிய ஏடொன்றை நம்மிடம் கொணர்ந்து காட்டினார். கரிபியக் கடலில், கியூபாத் தீவின் தலைநகராய், 1519 முதல் இன்றுள்ள இடத்தில் நிலைபெற்றிருக்கும் ஊர் அஃது. மஞ்சள், இளஞ்சிவப்பு, கடல்நீலம், பாசிப்பச்சை என வீட்டுக்கு வீடு வேறு நிறம். அந்நிறங்களும் முழுமையாக இல்லை. உப்புக்காற்றிலும் மழையிலும் உரிந்து, ஒரு பூச்சின் அடியில் மற்றொரு பூச்சும், அதனடியில் சுண்ணமும், அதனடியில் கல்லுமாக, ஒவ்வொரு சுவரும் தன் வயதைத் தானே எழுதிக் காட்டி நின்றது. உலகெங்குமிருந்து காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு அவ்வூருக்குச் செல்வோர் தொகை கொஞ்சமன்று. 1982இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் பழைய ஹவானாவை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

"இப்படி ஓர் ஊரை நாம் எங்கே போய்க் காண்பது, கிராணியாரே?" என்று நண்பர் பெருமூச்செறிந்தார்.

"பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம்" என்றோம். அவர் நம்பவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வைகறையில், தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் விளக்கு எரியத் தொடங்கும் முன்பே, அவரையும் அவருடைய காமிராவையும் அழைத்துக்கொண்டு ஜொகூர் பாருவுக்குப் புறப்பட்டோம்.

அதிகாலையில் புறப்பட்டதற்குக் காரணம் உண்டு. நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பாகை வடக்கே கிடக்கிறது அவ்வூர். பகல் பத்து மணிக்கு மேல் கதிரவன் உச்சிக்கு நெருங்கி, நிழலையெல்லாம் சுவரடிக்குச் சுருட்டிவிட்டு, நிறங்களைச் சோடைபோக வெளுத்துவிடுவான். காலை ஏழு முதல் ஒன்பது வரை வெயில் சாய்ந்து விழும். சுவரின் ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு நிழல் கிடைக்கும். முதல்நாள் இரவு மழை பெய்திருந்தால் இன்னும் நல்லது. நனைந்த சுண்ணத்தின் நிறத்துக்கு ஆழம் அதிகம். நமக்கு அன்று மழையும் வாய்த்திருந்தது.

வயதைப் பார்த்தால் ஜொகூர் பாரு ஹவானாவுக்குப் பேரன் முறைகூட ஆகாது. 1855இல் தெமங்கோங் டாயிங் இப்ராஹிம் இந்நீரிணைக் கரையில், தஞ்சோங் புத்ரி என்னும் இடத்தில், ஓர் ஊரை அமைத்து இஸ்கந்தர் புத்ரி என்று பெயரிட்டார். அவர் மைந்தர் அபு பக்கார் 1862இல் பட்டமெய்தி, 1866இல் அவ்வூருக்குப் புதிய ஜொகூர் என்னும் பொருள்படும் ஜொகூர் பாரு என்ற பெயரை வழங்கினார். இஸ்தானா பெசார் என்னும் பேரரண்மனை எழுந்து நிறைந்த ஆண்டும் அதுவே. அதைக் கட்டியவர் 1854இல் சிங்கப்பூரில் வந்திறங்கிய வோங் ஆ ஃபூக் என்னும் சீனத் தச்சர். தச்சுளியோடு வந்தவர் பெயரில் இன்று நகரின் தலைமைச் சடக்கே இருக்கிறது. அபு பக்கார் 1885இல் சுல்தானாகிப் பத்தாண்டு கழித்து லண்டன் மாநகரில் காலமானார். 1892இல் தொடங்கி 1900இல் முடிந்த பள்ளிவாசல் அவர் பெயரைத் தாங்கிக் கடலை நோக்கி நிற்கிறது.

பழைய பெயர் இஸ்கந்தர் புத்ரி மறைந்து போயிற்று என்று எண்ணவேண்டா. மேற்கே செம்பனைத் தோட்டங்களை அழித்து நூசாஜெயா என்னும் புதுநகரம் எழுப்பினார்கள் அல்லவா? அதற்கு 2015இல் அப்பெயரையே எடுத்துச் சூட்டினார்கள். செம்பனையில் வேலை செய்தோர் பெயரைச் சூட்டுவது வழக்கமில்லை.

இவ்வூரை வளர்த்த செல்வம் முதலில் கித்தாவில் வந்ததன்று. மிளகிலும் காம்பீரிலும் வந்தது. காம்பீர் என்பது நம்மவர் வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டிக்கு உறவான ஒரு பொருள். அதன் இலையைக் காய்ச்சி எடுக்கும் சாறு தோல் பதனிட உதவும். 1844 முதல் சீனர் தலைவர்கள் தெமங்கோங்கிடம் ஆற்றுச் சீட்டுப் பெற்று, ஒவ்வோர் ஆற்றின் கரையிலும் காடு திருத்தினர். அத்தலைவரைக் கங்சூ என்பர். 1917இல் அம்முறை ஒழிக்கப்படும் வரையில் ஜொகூரின் உட்பகுதி அவர்கள் கையில் இருந்தது. அவர்களுள் பெருஞ்செல்வரான தான் ஹியோக் நீ என்பவருக்கு மேஜர் பட்டமும் கிடைத்தது. அவர் பெயர் தாங்கிய வீதிதான் நாம் காமிராவோடு முதலில் இறங்கிய இடம்.

வீதி குறுகியது. இருமருங்கும் ஈரடுக்குக் கடைவீடுகள். கீழே கடை, மேலே குடி, முன்னே ஐந்தடி நடை. வெயிலும் மழையும் படாமல் மக்கள் நடக்க ஐந்தடி அகலம் விடவேண்டும் என்று 1822இல் ராபிள்ஸ் சிங்கப்பூருக்கு விதித்த ஏற்பாடு, நீரிணை கடந்து இங்கும் வந்து ஒட்டிக்கொண்டது. மேல்மாடியில் மரச்சட்டச் சன்னல்கள். அவற்றின் மேலே பூவேலைப்பாடு. முகட்டில் சீன எழுத்து. நிறங்களைச் சொல்லப் புகுந்தால் ஹவானா ஏட்டை மூடிவைக்க நேரும். ஒரு வீடு பழுத்த பப்பாளி, அடுத்தது வெளுத்த வேட்டிக்கு இட்ட நீலம், அதற்கடுத்தது வாழைக்குருத்து. நண்பர் வாய்திறவாது அரைமணி நேரம் படம் எடுத்தார்.

அந்நிறங்கள் இவ்வளவு அழகாக முதுமையடைவது எப்படி என்று ஒருவர் கேட்கலாம். பழைய சுவர் செங்கல்லும் சுண்ணச் சாந்தும் கொண்டது. மேற்பூச்சும் நீற்றிய சுண்ணாம்பே. அதில் வண்ணப்பொடி கரைத்துப் பூசினர். சுண்ணத்தில் நீலங்கலந்து பூசுவது நீரிணைக் குடியேற்ற ஊர்களில் பழைய வழக்கம். பினாங்கில் செங் ஃபாட் ட்ஸே மாளிகை இன்றும் அந்நீலத்தில்தான் நிற்கிறது. சுண்ணப் பூச்சு தோலைப்போல் மூச்சுவிடும். தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். ஆகையால் அது மெல்ல மெல்ல, தூளாய், மேகம் கலைவதுபோல் உதிரும். இக்காலத்து நெகிழிக் கலப்புள்ள வண்ணத்தை அதன்மேல் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, கொப்புளம் கட்டி, சாந்தோடு சேர்ந்து பாளம்பாளமாய் விழும். அவ்வீதியில் இருவகைச் சுவர்களையும் அடுத்தடுத்துக் கண்டோம். புதுவண்ணம் பூசிய சுவரே அதிகம் நோய்ப்பட்டிருந்தது.

ஆனால் சுவர் முதுமையடைவதற்கு மழை மட்டும் காரணமன்று, சட்டமும் காரணம். 1948 ஜனவரி 31ஆம் நாளுக்கு முன் எழுந்த கட்டடங்களுக்கு வாடகையை உயர்த்தலாகாது, குடியிருப்போரை வெளியேற்றலாகாது என்று தடுத்தது 1966இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். வாடகை சில வெள்ளிகளில் நின்றுவிட்டபோது உரிமையாளர் பூச்சுப் பூசுவதை நிறுத்தினர். கட்டடத்தை இடித்துப் புதியது எழுப்பவும் அவர்களால் எளிதில் இயலவில்லை. இன்று நாம் அழகென்று போற்றும் உரிந்த நிறம், அரை நூற்றாண்டுக் காலம் யாரும் செலவு செய்யாததன் பயன். ஹவானாவிலும் கதை ஏறக்குறைய இதுதான். அங்கே 1960இல் நகரச் சீர்திருத்தச் சட்டம் வாடகை வீடுகளைக் குடியிருந்தோர்க்கே உரிமையாக்கியது. குடியிருந்தோர்க்கு வீடு கிடைத்தது. வண்ணம் வாங்கப் பணம் கிடைக்கவில்லை.

நம் நாட்டில் அச்சட்டத்தை 1997இல் நீக்கிவிட முடிவு செய்து, 2000 ஜனவரி முதல் காவலை அடியோடு எடுத்துவிட்டனர். பழைய ஊர்களின் நடுவில் அற்ப வாடகையில் பிழைத்திருந்த முடிதிருத்துவோர், தையற்காரர், பூக்கட்டுவோர், பத்திரிகைக் கடைக்காரர் ஆகியோர் ஒருவர்பின் ஒருவராக மூட்டை கட்டினர். அவர்கள் போனபின் அச்சுவர்களின் அருமையைக் கண்டு, அவ்விடங்களில் காப்பி விடுதிகள் புகுந்தன. விடுதிகள் நல்லவையே. நாமும் ஒன்றில் அமர்ந்து குடித்தோம். ஒரு கோப்பையின் விலை, அதே சுவருக்குப் பழைய நாளில் ஒரு திங்கள் வாடகையாக இருந்திருக்கலாம் என்ற எண்ணம் மட்டும் தொண்டையில் சிறிது நின்றது.

அவ்வீதியில் ஹியாப் ஜூ என்னும் ரொட்டிக் கடை 1919 முதல் இருக்கிறது. விறகு அடுப்பில் வேகும் வாழைப்பழக் கேக்குக்காக மக்கள் வரிசை கட்டுகிறார்கள். சற்றுத் தள்ளி டோபி வீதியில், இந்திய முஸ்லிம் குடும்பத்தார் 1937 முதல் நடத்தும் சலாஹுத்தீன் ரொட்டிக் கடையும் விறகடுப்புத்தான். இரண்டு கடைகளின் புகையும் ஒரே காற்றில் கலக்கிறது. நண்பர் புகையைப் படம் எடுக்க முயன்று தோற்றார்.

டோபி வீதி என்ற பெயரைக் கண்டு நாம் நின்றோம். அருகில் ஓடுவது செகெட் ஆறு. சில காலம் அதைக் கான்கிரீட்டால் மூடிவைத்துப் பின்னர் திறந்தார்கள். அவ்வாற்றை ஒட்டி வாழ்ந்த இந்தியச் சலவைத் தொழிலாளரால் வந்தது அப்பெயர். எத்தனை பேர், எந்த ஊரினர், அவர்தம் துறையின் கல் எங்கே கிடந்தது? வீதியில் ஒரு குறிப்பும் இல்லை. தச்சர்க்குப் பெயரோடு வீதி இருக்கிறது. மேஜருக்குப் பெயரோடு வீதி இருக்கிறது. நம்மவர்க்கு வாய்த்தது தொழிலின் பெயர் மட்டும். தொழிலால் ஒருவனைப் பெயரிட்டு அழைக்கும் பழக்கத்தைக் கடல் கடந்தும் நாம் கைவிடவில்லை. பிறரும் நம்மை அப்படியே அழைத்தார்கள்.

அங்கிருந்து உங்கு புவான் வீதி கூப்பிடு தூரம். அருள்மிகு ராஜமாரியம்மன் கோவில் அங்கே 1911இல் தோன்றியது. நிலம் தந்த சுல்தான் இப்ராஹிமைச் சிறப்பிக்கவே மாரியம்மனுக்கு முன் 'ராஜ' என்ற சொல் சேர்ந்தது என்பர். சீர்திருத்தம் பேசும் ஏட்டில் கோவிலுக்கு என்ன வேலை என்று முகஞ்சுளிக்கும் அன்பர்க்கு ஒரு சொல்: இவ்வூரில் நம்மவர் ஆண்டோடு நினைவில் வைத்திருக்கும் கட்டடம் இவ்வொன்றும், 1922இல் சிறு கொட்டகையாய்த் தொடங்கிப் பின்னாளில் சுமார் 3 லட்சம் கண்ணாடித் துண்டுகளால் பளபளக்கும் ராஜகாளியம்மன் கோவிலும் அன்றி வேறு எத்தனை? தம் பெயரை எழுதிவைக்க வேறிடம் இல்லாதவர் கோவில் நன்கொடைக் கல்லில் எழுதிவைத்தனர். அக்கல்லைக் கேலி செய்யுமுன், பெயரெழுத வேறொரு கல் கொடுத்தோமா என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

கோவிலுக்கு அப்பால் ஒரு முடுக்கில் நண்பர் அன்றைய தினத்தின் சிறந்த சுவரைக் கண்டுபிடித்தார். மேலே காவி, நடுவே நீலம், கீழே ஈரம் ஏறிய பாசி. ஒரு மூலையில் பழைய தமிழ் விளம்பரத்தின் இரண்டு எழுத்துகள். சுவரடியில் ஒரு பலகைத் தட்டு; அதன்பின் எழுபது வயதுக்கு மேற்பட்ட அம்மையார் ஒருவர் மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தார். நண்பர் காமிராவை உயர்த்தியதும் அவர் நாரைப் பல்லில் கடித்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"செவுத்தத்தான எடுக்கிறீங்க தம்பி? நான் வேணும்னா தள்ளிக்கிறேன்."

நண்பரின் கை அப்படியே நின்றது. ஏனெனில் அவர் அதைத்தான் வேண்டிக்கொள்ள வாயெடுத்திருந்தார்.

ஈண்டு நம் உலாவை நிறுத்தி, படக்கருவி நம்மவரை இந்நாட்டில் எப்படி நோக்கி வந்தது என்பதைச் சிறிது பார்ப்போம்.

ஜெர்மானியரான லாம்பர்ட் என்பவர் 1867இல் சிங்கப்பூரில் நிழற்பட நிலையம் திறந்தார். அவர் பெயரால் நடந்த நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் சுமார் 3,000 காட்சிகளைச் சேர்த்து வைத்திருந்தது. துறைமுகம், அரண்மனை, தோட்டம், நீர்வீழ்ச்சி ஆகியவற்றோடு மனித 'வகைகளும்' அச்சேகரிப்பில் அடக்கம். சுல்தான்களும் துரைமாரும் பெரும் வணிகரும் நாற்காலியில் அமர்ந்து, பெயரோடு படம் எடுத்துக்கொண்டனர். நம்மவர் பெயரில்லாமல் எடுக்கப்பட்டனர். அக்காலத்துத் தபாலட்டைகளின் அடியில் 'தமிழ்க் கூலி', 'கிளிங் பெண்', 'மாட்டு வண்டிக்காரன்' என்று அச்சிட்டு விற்றார்கள். அட்டையை வாங்கினவர் ஐரோப்பாவிலிருந்த தம் உறவினர்க்கு அனுப்பினார். அட்டையிலிருந்த பெண் தன் முகத்தை அதில் கண்டிருப்பாள் என்று நாம் எண்ணவில்லை.

ஜொகூரின் குறுக்கே இருப்புப்பாதை 1909இல் முடிந்ததும் கித்தா உட்காடுகளில் பரவியது. ஒப்பந்தக் கூலிமுறைக்கு ஆள்சேர்ப்பது 1910இல் நின்றது, கங்காணிமுறை நீடித்தது, 1938இல் இந்திய அரசாங்கம் உடலுழைப்பாளரை உதவிப்பணத்தோடு அனுப்புவதைத் தடுக்கும் வரை கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. கியூபாவின் கரும்பாலைகளுக்கும் இப்படித்தான் 1847 முதல் 1874 வரை ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சீனர் ஒப்பந்தத்தில் ஏற்றிச் செல்லப்பட்டனர். ஹவானாவின் வண்ண மாளிகைகளுக்குக் கரும்பு; இவ்வூர் வீதிகளுக்குக் காம்பீரும் கித்தாவும்.

இடையே வந்தது போர். 1942 ஜனவரி 31இல் பிரிட்டிஷார் பின்வாங்கி, 1924இல் ஆரவாரத்தோடு திறந்துவைத்த கடற்பாலத்தைத் தாமே உடைத்தனர். அதன்பின் மலாயாத் தோட்டங்களிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட உழைப்பாளர் சயாம் பர்மா இருப்புப்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் தமிழர். அப்பாதையில் ஆஸ்திரேலியப் போர்க்கைதி ஜார்ஜ் ஆஸ்பினால் ஒரு மடக்குக் காமிராவை உயிருக்கு அஞ்சாது மறைத்துவைத்துப் படம் எடுத்தார். பிற கைதிகள் மறைவாகச் சித்திரம் வரைந்தனர், நாட்குறிப்பு எழுதினர். ஆகவே அவர்தம் துயரத்தை உலகம் கண்டது. நம்மவரிடம் காமிராவும் இல்லை. பலரிடம் எழுத்தும் இல்லை.

பின் வந்தது 1948. அவ்வாண்டு ஜூனில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் நிழற்படமும் பெருவிரல் ரேகையும் பதித்த அடையாள அட்டை வைத்திருக்கவேண்டும் என்று அரசாங்கம் கட்டளையிட்டது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகள் அவ்வட்டைகளைப் பறித்துக் கிழித்தனர். படம் பிடிப்போரைத் தாக்கினர். அட்டையில்லாதவனைப் போலீஸ் பிடித்தது. அட்டையுள்ளவனைக் காட்டார் மிரட்டினர். பால்மரம் வெட்டப் போகும் ஆணும் பெண்ணும் இவ்விரண்டுக்கும் நடுவே அட்டையை மடியில் முடிந்துகொண்டு நடந்தனர். ஜொகூர் மாநிலத்தில் இந்நெருக்கடி மிகக் கடுமை. தோட்டத்துத் தமிழர் பலருக்கு வாழ்நாளில் எடுத்த முதற்படம் அதுவே. அழகுக்காக எடுத்ததன்று; ஐயத்தால் எடுத்தது.

கட்டடங்களுக்கு வாடகைக் காவல் வரம்பாக நின்றதும் 1948. மனிதர்க்கு முகம் பதிவானதும் 1948. காவல் பெற்ற சுவர் நின்றது. மனிதர்க்கு அப்படியொரு காவல் இல்லை. தோட்டம் துண்டாடப்பட்டபோதும், பின்னாளில் அது வீடமைப்பு நிலமாக மாறியபோதும், லயத்து வீடு வேலையோடு சேர்ந்தே போயிற்று. ஜொகூர் பாருவைச் சுற்றி இன்று தாமான் என்று பெயர் பெற்ற இடங்களுள் பழைய தோட்டங்கள் எத்தனையோ உள. அவற்றின் லயங்களை யாரும் நிறத்துக்காகப் படம் எடுக்கச் செல்லவில்லை. லயத்துக்கு நிறம் ஏது? தாரும் சுண்ணமும் தவிர வேறு பூசியதில்லை.

இனிப் பூக்கடைக்குத் திரும்புவோம்.

நண்பர் சொன்னார்: "நீங்க இருங்கம்மா. நீங்க இல்லாட்டி படம் எதுக்கு?" இதை அவர் அந்நேரத்தில்தான் கண்டுபிடித்தார் என்பதை அவர் முகமே காட்டியது. அம்மையார் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, தட்டின்மேல் ஆணியில் தொங்கிய ஒரு சட்டத்தையும் துடைத்துவிட்டு, "அப்ப எங்கம்மாவும் விழட்டும்" என்றார்.

அப்பொழுதுதான் அச்சட்டத்தைப் பார்த்தோம். மாலையிட்ட பெண்ணுருவம். நேரே வெறித்த கண்கள், இறுக மூடிய வாய், காதில் கம்மல் கழற்றிய துளை. அரையடி உயரத்துக்குப் பெரிதாக்கியதில் முகமே மணல்மணலாய்ச் சிதறியிருந்தது. தோளோரத்தில் பிறைபோல் ஒரு கருங்கோடு. அது என்னவென்று கேட்டோம். "ஐசிலேர்ந்து பெருசு பண்ணினது தம்பி. கவர்மெண்டு முத்திரை. எங்கம்மாவுக்கு வேற போட்டோ கெடையாது" என்றார். தாமும் ஒரு தோட்டத்தில் பிறந்தவரென்றும், அங்கேயே தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்பு வரை படித்தவரென்றும், தோட்டம் விற்றபின் இவ்வூருக்கு வந்ததாகவும் கூறினார். அட்டையில் தாயின் பெயரை எப்படி எழுதியிருந்தார்கள் என்று கேட்டோம். அவர் சிரித்தார். "அது எங்கம்மா பேரே இல்ல. கிராணி எழுதினது."

நாம் என்ன தொழில் செய்கிறோம் என்பதை அவருக்குச் சொல்லவில்லை. நண்பர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

இங்கிலீஷுப் பள்ளியில் படித்து மேசையில் அமர்ந்த நம் கிராணி வகுப்பார் தோட்டத்தாருக்குச் செய்த தீங்குகளுள் இது சிறியதென்று தோன்றும். காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதித் தள்ளினோம். முனியம்மா ஒரு தாளில் ஒருவகை, மறுதாளில் வேறுவகை. தந்தை பெயரும் மகள் பெயரும் ஒவ்வாமல் போனதால் பிறப்புச் சான்றில் சிக்கல், குடியுரிமையில் சிக்கல், சேமநிதிப் பணத்தில் சிக்கல். எழுத்தொன்று மாறினால் என்ன என்று கேட்கும் கிராணியார், தம் சம்பளச் சீட்டில் எண்ணொன்று மாறினால் அப்படிக் கேட்பாரா?

திரும்பி வந்த மறுவாரம் நம் தோட்டத்து அலுவலகத்தின் பழைய அலமாரியைத் திறந்தோம். சுவரில் நெடுங்காலம் மாட்டியிருந்து, கறையான் பட்டபின் கழற்றி வைத்த குழுப்படம் ஒன்று அதில் கிடந்தது. நடுவே நாற்காலியில் துரை. இருபுறமும் நம் முன்னோரான கிராணிகள். பின்னே நாலு வரிசையில் ஆணும் பெண்ணும் குழந்தையும். கீழே அழகிய எழுத்தில் துரையின் பெயரும், கிராணிகள் பெயரும். மற்றவர்க்கு ஒரே சொல். அந்தச் சொல்லை இங்கே எழுதவேண்டியதில்லை.

ஆனால் செக்குரோல் ஏடுகள் இருந்தன. கூலி போடுவதற்காக நாள்தோறும் பெயர் குறித்த ஏடுகள். உழைத்தவன் பெயரைக் கூலிக் கணக்கு மட்டுமாவது காத்துவைத்தது. படத்தையும் ஏட்டையும் எடுத்துக்கொண்டு லயத்தில் மிஞ்சியிருந்த மூத்தவர் நால்வரிடம் மாலைதோறும் அமர்ந்தோம். "இது யாரு? மூக்கப் பாரு, கோணங்கி மவன்." "இல்லடா, அவன் அப்ப பொறக்கவே இல்ல." வாதம் நீண்டது, தேநீர் ஆறிற்று. மூன்று வாரத்தில் முப்பத்தெட்டு முகங்களுள் பதினொன்றுக்குப் பெயர் கிடைத்தது. ஒரு முகத்துக்கு இரண்டு பெயர்கள் போட்டியிடுகின்றன. இரண்டையும் குறித்து வைத்துள்ளோம். படத்தின் பின்புறத்தில், ஒவ்வொரு தலைக்கும் நேரே, பென்சிலால் தமிழில் எழுதினோம். மையால் எழுதினால் பின்புறமிருந்து முகத்துக்கு ஊறிவிடும்.

பதினெட்டு வயதில் இவ்வேலையைத் தொடங்கியிருந்தால், அந்த நாலு வரிசையில் பாதிப்பேருக்கேனும் அடையாளம் சொல்ல ஆள் இருந்திருக்கும். நம் மேசைக்கும் அவர்கள் திண்ணைக்கும் இருநூறு கஜம்கூட இல்லை.

நண்பர் எடுத்த படங்களுள் சிறந்தது எது என்பதில் எங்களுக்குள் வேறுபாடில்லை. காவியும் நீலமும் பாசியுமாய் அச்சுவர், அதன்முன் மல்லிகைத் தட்டு, அம்மையார், அவர் தோளுக்கு மேலே சட்டத்துள் அவர் தாய். தான் ஹியோக் நீ வீதியில் அரைமணி நேரம் எடுத்த அத்தனையும் அதன் பக்கத்தில் வெறுஞ்சுவர்.

அப்படத்தை நல்ல தாளில் அச்சிட்டு அடுத்த திங்கள் ஞாயிறன்று கொண்டுபோய்க் கொடுத்தோம். பின்புறத்தில் ஆண்டும், இடமும், தாய் மகள் இருவர் பெயரும் நம் கையாலேயே தமிழில் எழுதியிருந்தோம். அவர் முன்புறத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு திருப்பி, மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, எழுத்துக்கூட்டி வாசித்தார். தாய் பெயரில் ஓரிடத்தில் மல்லிகை நார் ஒட்டிய விரலை வைத்து, "இது ரெண்டு சுழி இல்ல தம்பி, மூணு சுழி" என்றார்.

பென்சிலை எடுத்துத் திருத்தினோம்.